மூன்று தீவு, ஒரு தெரு, இருபது நிமிடம்

1

மட்டிப் பையை அவிழ்த்ததும் அந்த மணம் வந்தது. வற்றுக்கடலின் மணம். உப்பும் சேறும், வெயிலில் காய்ந்து பாதி அழுகிய சாதாளைக் கடற்புல்லும். இன்டர்லாக்கனில் கடல் கிடையாது. இரண்டு ஏரிகளுக்கு நடுவே, மலைகள் காவல் நிற்கும் சுவிஸ் ஊர் இது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஹோட்டல் குசினிக்குக் கடல் வந்துவிடும், வலைப்பைகளில் கட்டுண்டு, ஐஸ்துண்டுகளின் மேல் படுத்தபடி. வாய் திறந்த மட்டிகளைப் பொறுக்குவது என் வேலை. விரலால் ஒரு தட்டுத் தட்டவேண்டும். உயிருள்ளது வாயை மூடும். மூடாததைக் குப்பையில் போடவேண்டும்.

மணம் மூக்கிலிருந்து இறங்கி முழங்கால்வரை போனது. இடுப்பளவு தண்ணீரில் நடந்த முழங்கால்கள் அவை. அவற்றுக்கு என்னைவிட ஞாபகம் அதிகம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, மூண்டு மணிக்கு ட்ரெயின்ல வந்திறங்குவன். நாளைக்கு எங்கட பயணக் கையேட்டில என்ர பக்கம் பிரிண்டுக்குப் போகுது. ஊர்ப் பேருகள் சரியோ எண்டு பார்த்துத் தரவேணும்."

அபி எங்களுடைய ஒரே பிள்ளை. இந்த ஊரில் பிறந்தவள். ஓர்லிகோனில் அறை எடுத்துத் தங்கி, சூரிச்சில் ஒரு சின்னப் பயண நிறுவனத்தில் வேலை செய்கிறாள். மற்றவர்கள் கட்டிய பயணங்களுக்கு ரிக்கற் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, முதல்முறையாகத் தானே ஒரு பயணத்தை அமைக்க விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு சுவிஸ்காரர்களை யாழ்ப்பாணத்திலிருந்து தெருவழியே தீவுகளுக்குக் கூட்டிப்போகும் ஒருநாள் பயணம். அவள் பார்த்து வைத்திருக்கும் தீவுகளில் மூன்றாவது நான் பிறந்த புங்குடுதீவு.

பக்கத்து மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ரவியண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் யாழ்ப்பாண நகரத்துக்காரர். நகரத்துக்காரர் என்பதை மறக்கவிடாதவர்.

"என்னடாப்பா, உங்கட தீவைப் பார்க்கவும் வெள்ளை காசு குடுக்குதோ? நாங்கள் பண்ணைப் பாலத்தில நிண்டே திரும்பியிருவம், அங்காலை ஆக்கள் இருக்கினமெண்டு தெரியாம."

"உங்களுக்குத் தெரியாதெண்டது தீவுக்கும் தெரியும் அண்ணை."

அவர் சிரித்தார். 'தீவார்' என்ற சொல்லை ஒரு பட்டப்பெயர்போல எங்கள் முதுகில் ஒட்டிவிட்டது நகரம். அது முப்பது வருடம் பனியில் கிடந்தும் உரியவில்லை. பிள்ளைகளின் கலியாணப் பேச்சில் இன்றும் முதலில் வருவது அதுதான்.

2

எங்கள் தொழிலில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுவார்கள். இந்த நாட்டில் அதற்கு 'அறை மணி' என்று பெயர். அறைக்குப் போ, படு, திரும்பி வா என்று அர்த்தம். சம்பளம் கிடையாது. என் வாழ்க்கையில் மிச்சமெல்லாம் அந்த மூன்று மணி நேரங்களுக்குள்தான் நடந்திருக்கிறது: கடிதங்கள், சண்டைகள், நான் எழுதி ஒளித்து வைத்திருக்கும் வரிகள்.

ஹோட்டலிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அன்றைக்கும் பஸ்கள் வரிசையில் நின்றன. கதவு திறக்கும். ஐம்பது பேர் இறங்குவார்கள். மலையை ஒருதரம் பார்த்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் எடுப்பார்கள். கதவு மூடும். ஒருமுறை நான் பல்கனியில் சாரம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே நின்ற ஒருத்தி கையால் என்னை விலகச் சொன்னாள். மரச்சுவரும் சிவப்புப் பூச்சட்டியும் அவளுக்கு வேண்டும், சாரமும் நானும் வேண்டாம். நான் விலகினேன். அவள் கேட்டது எரிவதைவிட நான் விலகியது இன்னும் எரிகிறது.

அபி மேசையில் பக்கத்தை விரித்து வைத்திருந்தாள். என் மனிசி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

'மூன்று தீவு, ஒரு தெரு' என்று தலைப்பு. ஜெர்மனில் அது அழகாகத்தான் இருந்தது. காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து குளிரூட்டிய வான். பண்ணைப் பாலம், இருபுறமும் கண்ணாடிபோல் கடல், நடுக்கடலில் மீன்பிடித் தடிகள், அதிர்ஷ்டம் இருந்தால் நாரைக் கூட்டம். மண்டைதீவு. பிறகு வேலணை. பிறகு கடலுக்கு நடுவால் நீளும் பாலத்தெருவில் புங்குடுதீவு. அங்கே இருபது நிமிடம் படமெடுக்கும் நிறுத்தம். கடைசியில் இறங்குதுறையில் நண்டுக்கறியோடு சாப்பாடு.

ஊர்ப்பெயர்களைப் பார்த்தேன். வேலணையில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தினேன்.

அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

கூரை இல்லாத ஒரு வீடு. வாசல் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. முன்சுவரில், மேலே, காற்றுக்காக விட்ட நாலு துவாரங்கள். ஒன்று இதய வடிவம். ஒன்று சாய்ந்த சதுரம். மற்ற இரண்டும் சீட்டுக்கட்டில் மிச்சமிருக்கும் இரண்டு சின்னங்கள்.

உலகத்தில் அப்படி ஒரு வீடுதான் இருக்கிறது. கட்டிய மேசன் முந்நூற்று நாலு என்னும் சீட்டு விளையாட்டில் பைத்தியம் பிடித்தவர். அப்பா கொழும்பில் கடையில் நின்ற காலம், மேற்பார்வைக்கு ஆள் இல்லை, மேசன் தன் ஆசையைச் சுவரில் தீர்த்துவிட்டார். "பிள்ளையாரைப் போடச் சொன்னா, சீட்டைப் போட்டிட்டான் பாவி" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்துக்குக் கீழே நாலு வரி:

'லொஸ்ட் பிளேஸ். மர்மமாகக் கைவிடப்பட்ட வீடு. சுவரில் புதிரான சின்னங்கள். ஏன் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது.'

3

தொலைந்த இடமாம். இந்த நாட்டு இளசுகளுக்கு இப்போது அது ஒரு பொழுதுபோக்கு. பூட்டிய தொழிற்சாலை, இடிந்த விடுதி, ஆளில்லாத ஆஸ்பத்திரி என்று தேடிப்போய்ப் படம் எடுப்பார்கள். இடம் தொலையுமா? ஊசி தொலையலாம், சாவி தொலையலாம். எங்கள் வீடு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அங்கிருந்து எடுத்து எறியப்பட்டது நாங்கள்.

மர்மமாம்! யாருக்கும் தெரியாதாம்! சூரிச்சிலிருந்து பேர்ணுக்குப் போகும் ரயிலில் ஏறி 'புங்குடுதீவு' என்று ஒருதரம் உரத்துச் சொல்லிப் பாருங்கள், பெட்டிக்கு இரண்டு தலையாவது திரும்பும். ஓர்லிகோனில் தட்டுக் கழுவுகிறவனுக்குத் தெரியும். பாடனில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவனுக்குத் தெரியும். என்ன கிழமை, எந்தப் பக்கத்துக் காற்று, யாருடைய மாடு அவிழ்க்கப்படாமல் கட்டையில் நின்றது என்பதுவரை தெரியும். இந்த நாட்டின் பாதிச் சமையலறைகளில் அந்தக் காரணம் கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறது.

ஆனால் தாள்களுக்குத் தெரியாதுதான். வந்த புதிதில் பதிவு செய்த அலுவலர் பிறந்த இடம் கேட்டார். சொன்னேன். அவருடைய பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. "பக்கத்தில் பெரிய இடம் எது?" என்றார். யாழ்ப்பாணம் என்று எழுதிக்கொண்டார். ரவியண்ணையின் நகரம் என் தாளில் ஏறியது. பல வருடங்களுக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தது. இந்த நாட்டுக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்று ஒரு கட்டமே இல்லை. 'பூர்வீக ஊர்' என்றுதான் இருக்கிறது. குடியுரிமை தந்த ஊர் அதில் தன் பெயரை எழுதிவிடும். ஆகவே சட்டப்படி என் பூர்வீகம் இன்டர்லாக்கன். இந்த மலைகள் என் பாட்டன் சொத்து. தீவு எந்தத் தாளிலும் இல்லை.

இதெல்லாவற்றையும் நான் மனதுக்குள் சொல்லவில்லை. வாய்விட்டுத்தான் சொன்னேன், மேசையில் தட்டித் தட்டி. கடைசியில் கத்தினேன்.

"கேட்டால் சொல்லமாட்டமோ? ஒருத்தராவது கேட்டவையோ?"

"நான் கேட்டனான்," என்றாள் அபி.

4

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"போன மாசி மாசம் அந்த வாசல்ல நிண்டு வட்ஸ்அப்ல கோல் எடுத்தனான். 'அப்பா, இங்க ஒரு வடிவான பழைய வீடு, எங்கட வீடு எந்தப் பக்கம், காட்டுங்கோ' எண்டு. 'குசினியில நிக்கிறன், பிறகு எடு' எண்டீங்கள். பிறகு எடுத்தன். 'சிக்னல் இல்லை' எண்டு வச்சிட்டீங்கள். இன்டர்லாக்கன்ல சிக்னல் இல்லையோ அப்பா? மலை உச்சியில நிண்டு வீடியோ கதைக்குதுகள் சனம்."

நான் படத்தைக் கையால் மூடினேன்.

"தேத்தண்ணிக்கடை அக்காட்டையும் கேட்டனான். அவா பிறகு வந்து குடியிருக்கிற ஆள். 'எல்லாரும் வெளிநாடு பிள்ளை, வடிவாத் தெரியாது' எண்டா. அப்ப நான் என்னத்தை எழுதிறது? எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினன். தெரியாதெண்டு."

"உனக்குத் தெரியும் பிள்ளை. சண்டை நடந்தது தெரியாதோ?"

"சண்டை தெரியும். எல்லாச் சண்டையும் தெரியும். அந்த வீடு தெரியாது."

"எடு அந்தப் படத்தை. எங்கட வீட்டைக் காட்சிக்கு வைக்காதை."

"எடுத்தா வான் அங்க நிக்காது. நேர இறங்குதுறைக்குப் போயிடும். அந்த அக்கா என்னட்டைக் கேட்டவா, 'நீங்களும் நிப்பாட்டாட்டி ஆர் பிள்ளை நிப்பாட்டப் போகினம்' எண்டு. நீங்கள் நிப்பாட்டுவீங்களோ? முப்பது வருசமாப் போகேல்லை. நான் மூண்டு தரம் போயிட்டன்."

அது உண்மை. முதலில் போகவிடாத காலம் இருந்தது. கையில் இருந்தது அகதி அட்டை, ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாத அட்டை. அது முடிந்த பிறகு போகாத காலம் தொடங்கியது. இரண்டுமுறை பயணச்சீட்டு எடுத்தேன். இரண்டுமுறையும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் பொய்யில்லை, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் அது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.

அபி தன் கணினியை மூடினாள். "சரி. நீங்களே எழுதித் தாங்கோ. முந்நூறு எழுத்துக்குள்ள. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்கோ, நான் அதை அப்பிடியே போடுறன். எழுத ஏலாதெண்டா இது இப்பிடியே போகும்."

மணி நாலேகால். ஐந்தேகால் ரயிலில் அவள் போகவேண்டும்.

5

சட்டைப்பையில் இருந்த ஓடர் கொப்பியை எடுத்தேன். வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பது. அகதி முகாமில் ஓர் அகராதியை எட்டுப்பேர் வைத்து அப்படித்தான் படித்தோம். குசினியில் இன்றும் அப்படித்தான் குறிக்கிறேன். ரவியண்ணையும் அப்படித்தான்.

ஐந்தாறு தாள் கிழித்த பிறகு, தமிழ் எழுத்தில் ஒரு ஜெர்மன் வசனம் வந்தது. 'இந்த வீட்டுக்காரர் ஒரே நாளில்...' என்று தொடங்கி, கடைசியில் வினைச்சொல். இப்படியான வசனங்களில் இந்த மொழியிலும் வினை கடைசியில்தான் வந்து நிற்கும், எங்கள் மொழியைப்போல. அந்த ஓர் ஒற்றுமைக்காக நான் அதை மன்னித்து வைத்திருக்கிறேன்.

அபி தமிழ் வாசிப்பாள், மெதுவாக, எழுத்தெழுத்தாக. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி தந்தது அவ்வளவுதான்.

"கெஃ... ஃப்லோ... கன்." நிமிர்ந்தாள். "அப்பா, இது எது? பறந்தனீங்களோ, தப்பி ஓடினனீங்களோ?"

"தப்பி ஓடினது. வேறென்ன?"

"அப்ப இது பிழை. நீங்கள் எழுதியிருக்கிறது பறந்தது."

ஜெர்மனில் இரண்டும் வேறு சொல். நடுவில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். பறந்ததற்கு ககரம். தப்பி ஓடியதற்கு ஹகரம், அதுவும் ஊமை, எழுத்தில் நிற்கும், வாயில் வராது. தமிழ் எழுத்தில் எழுதிப் படித்த எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே க. எழுதினபடியே வாயிலும் சொன்னோம்.

முப்பது வருடம். அயலவரிடம், குடியுரிமைக் குழுவிடம், ஹோட்டல் முதலாளியிடம். "எங்கள் தீவிலிருந்து எல்லோரும் ஒரே நாளில் பறந்தோம்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தலையாட்டி, "ஓ, தூரம்தான்" என்றார்கள். நான் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டேன். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "என்ன சொல்கிறாய்?" என்று கேட்கவில்லை. அறுநூறு தரம் 'நன்றாக ஜெர்மன் பேசுகிறீர்கள்' என்றார்கள்.

அபியின் முகம் மாறிக்கொண்டிருந்தது.

"அப்பா. நாலாம் வகுப்பில நான் எல்லாருக்கும் முன்னால பேசுற ஃபொர்ட்ராக் ஒண்டு செய்தனான். அப்பா அம்மாட நாடு எண்டு. உங்களட்டைக் கேட்டு எழுதினனான். நீங்கள் ஜெர்மன்ல சொன்னனீங்கள்."

"ஞாபகம் இருக்கு. ஒரு படமும் கீறினாய். ஃபிரிட்ஜ்ல ஒரு வருசம் கிடந்தது."

"என்ன படம்?"

"தீவு. மேல பிளேன். பொம்பர். சின்னப் பிள்ளை எப்பிடி இதைக் கீறினாள் எண்டு யோசிச்சன். வயித்தில வட்டம் வட்டமாக் குண்டு. ஆரோ சொல்லியிருக்கினம், இவளுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு, இனி நான் சொல்லத் தேவையில்லை எண்டு..."

"அது யன்னல் அப்பா."

குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் நின்றது. அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

"யன்னல். நீங்கள் எல்லாரும் உள்ள இருக்கிறீங்கள். பறந்ததெண்டு சொன்னீங்கள். தீவில இருக்கிற எல்லாரையும் ஒரே நாளில ஏத்துறதுக்குப் பெரிசாக் கீறினனான். ரீச்சர் நட்சத்திரம் தந்தவா."

ஒரு வருடம் நாங்கள் இருவரும் அதே படத்துக்கு முன்னால் நின்று பால் எடுத்திருக்கிறோம். அவளுக்கு அதில் நாங்கள் கையசைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அதிலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் நான் வாயை மூடினேன்.

மற்றவர்களைத் திட்ட எனக்கு நிறையச் சொற்கள் இருந்தன. அந்த நேரத்தில் ஒன்றும் உதவவில்லை.

6

ஆகவே சொன்னேன். தமிழில். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

காலையில் கடல் பக்கமாக ஆமி வந்திறங்கும் சத்தம் வந்தது, வழக்கமாக வராத பக்கத்திலிருந்து. கடலுக்கு நடுவால் நீளும் பாலத்தெருவென்று இவள் எழுதியிருக்கிறாளே, அந்தத் தெரு எங்களுக்கு இல்லை. பாலம் அடைபட்டுக் கன நாள். எதிர்ப்பக்கக் கரைக்கு நடந்தோம். வள்ளம் கரைக்கு வராது, தண்ணீர் ஆழம் காணாது. ஆகவே வள்ளம் நின்ற இடத்துக்கு நாங்கள் நடந்தோம். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. சாதாளை காலைச் சுற்றியது. தலைக்கு மேல் தூக்கிய கைகளில் பிள்ளைகள், பத்திரங்கள், ஒருவர் ஒரு தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அப்பம்மா?" என்றாள் அபி.

"அவ கதவைப் பூட்டிச் சாவியைச் சேலைத் தலைப்பில முடிஞ்சிட்டா. ஒழுங்கை முடியுமட்டும் வந்தனாங்கள். திடீரெண்டு திரும்பிப் போறா. 'அம்மா, என்ன விசரோ' எண்டு நான் பின்னால ஓடுறன். கதவைத் திறந்து ரெண்டு பக்கமும் தள்ளி விட்டிட்டு வாறா. 'பூட்டியிருந்தா உடைப்பாங்கள் தம்பி. ரெண்டு வருசம் காத்துச் செய்விச்ச கதவு. திறந்து கிடக்கட்டும், பார்த்திட்டுப் போவாங்கள்' எண்டா."

"பிறகு?"

"பிறகென்ன. கதவையும் நிலையையும் சேர்த்துக் கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். உன்ர படத்தில பார், ஓட்டைதானே."

அபி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணினியைத் திறந்து தட்டத் தொடங்கினாள். ஒருமுறை நிறுத்தி, "மேசன்ட பேரென்ன?" என்றாள். சொன்னேன். "சீட்டாடுறதை எழுதட்டோ?" "எழுது. அம்மா சந்தோசப்படுவா." எழுத்துகள் முந்நூற்றைத் தாண்டின. வெட்டிச் சேர்த்து, சேர்த்து வெட்டி, கடைசியில் வாசித்தாள்:

'சுவரில் உள்ள சின்னங்கள் வீட்டைக் கட்டிய மேசனின் சீட்டாட்டம். அந்தச் சீட்டை வீட்டுக்காரிக்குப் பிடிக்காது. தீவு மக்கள் ஒரே நாளில் கடலுக்குள் நடந்து தப்பி ஓடினார்கள். உடைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரி கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். கதவு இப்போது இல்லை. பிள்ளைகள் சுவிஸில் இருக்கிறார்கள்.'

தப்பி ஓடினார்கள் என்ற இடத்தில் அந்த ஊமை ஹகரத்தை எனக்குத் திரையில் விரல் வைத்துக் காட்டினாள்.

"உன்ர முதலாளி விடுவாரோ?"

"லீவுக்குப் போற ஆக்களை அழ வைக்காதை எண்டுவார். வசனத்தை வெட்டினால் படத்தையும் வெட்டுங்கோ எண்டு சொல்லுவன். ரெண்டும் ஒண்டாத்தான். என்ர பேர்ல போற பயணம்."

"வேலை போகுமெண்டா?"

"போகாது அப்பா. போனா உங்கட குசினிக்கு வாறன். மட்டி தட்டத் தெரியும்."

7

கிழக்கு ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். மேடையில் மலையிலிருந்து இறங்கிய சனம், கம்புகளும் ஈரச் சப்பாத்துகளும். அபி பெட்டிக்குள் ஏறிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, அண்டைக்கு நான் சப்பாத்தோட உள்ள போனனான்."

"எங்க?"

"அந்த வீட்டுக்குள்ள. அறையறையாப் போய்ப் படம் எடுத்தனான். அது வீடெண்டு எனக்குத் தெரியாது." கைப்பிடியை மாற்றிப் பிடித்தாள். "மாசியில பன்ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போறன். வாசல்ல கழட்டச் சொல்லட்டோ?"

கூரை இல்லை, கதவு இல்லை. நிலமெல்லாம் நெருஞ்சி படர்ந்திருப்பது அவள் எடுத்த படத்திலேயே தெரிந்தது. கதவு மூடும் மணி அடிக்கத் தொடங்கியது.

"சொல்லு," என்றேன். "முள்ளுக் குத்தினாக் குத்தட்டும்."